இரண்டு ஆட்டமும் ஆடிய மைலோ காட்லெக்

மைலோ காட்லெக்கின் முன்பற்கள் நான்கும் நான் வைத்தவை. நெப்ராஸ்காவின் சிற்றூரான வெசெலியில் நான் பல் வைத்தியம் பார்க்க ஆரம்பித்த முதல் குளிர்காலத்தில் அவர் வந்து உட்கார்ந்தபோது என் நாற்காலி ஒருமுறை முனகியது. அவ்வளவு பெரிய உடம்பு. எப்படி உடைந்தது என்று கேட்டேன்.

"காலேஜ்ல ஆடும்போது ரெண்டு போச்சு. ஒண்ணு குழாய் மேல விழுந்து. இன்னொண்ணு எப்படின்னு எனக்கே சரியா நினைவில்லை," என்றார்.

மக்காச்சோள வயல்களில் வட்டமாகச் சுற்றிச்சுற்றி நீர் தெளிக்கும் நீளக் குழாய்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். கோடை முழுவதும் சேற்றில் நிற்பார். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அவரைக் குழாய்க்காரர் என்று சொல்லிக் கேட்டதில்லை. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் காபிக் கடைச் சுவரில் தொங்கும் புகைப்படத்தைக் காட்டி, "இவன்தான் மைலோ. ரெண்டு ஆட்டமும் ஆடினவன், ரெண்டுலயும் ஜெயிச்சவன்," என்பார்கள். படத்தில் இளைஞரான மைலோ ஒருவனைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருப்பார். பந்து படத்திலேயே இருக்காது.

அந்த இரண்டு ஆட்டத்தின் கதை இது. பிளேன்ஸ் ஸ்டேட் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது ஃபுட்பால் அணிக்கு கோச் புரூயெட் இருந்தார். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரிகளின் சுவரை உடைத்துக்கொண்டு ஓடுவது. நெப்ராஸ்காவில் வேறு ஃபுட்பால் கிடையாது. புரூயெட்டுக்குப் பந்தை எறிவதே பிடிக்காது. "பந்து காத்துல இருக்கிற வரைக்கும் அது நம்ம சொத்து இல்லை," என்பார். அவருடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் கையில் வாங்குகிறவன், தன் அணியின் முன்வரிசைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடுவான். எதிரி யார்மேல் பாய்கிறான் என்று பார்த்துவிட்டு, பந்தைத் தானே வைத்துக்கொள்வான், இல்லாவிட்டால் கூட ஓடி வருகிறவனிடம் தட்டிவிடுவான். எத்தனை முறை ஆடினாலும் அதே ஆட்டம்தான். மழை, பனி, வெயில் எல்லாவற்றுக்கும் அதேதான்.

மைலோ அந்தச் சுவரில் ஒரு செங்கல். கார்டு என்று பெயர். குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் அந்தக் கையில் வைத்து நிற்க வேண்டும். பந்து நகர்ந்ததும் எதிரில் நிற்பவனை முன்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பந்து எங்கே போகிறது என்று அவர் பார்த்ததில்லை. அது எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூட்டம் போடும் சத்தத்தை வைத்துத்தான் நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று தெரிந்துகொள்வார்.

புரூயெட்டின் கடைசி வருடம் அந்த அணி பட்டம் வென்றது. காபிக் கடைப் படம் அன்றைக்கு எடுத்ததுதான். பிறகு புரூயெட் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு டெக்சாஸிலிருந்து வின்ஸ்லெட் என்ற மெலிந்த மனிதர் வந்தார். வந்த அன்றே ஆட்டக்காரர்களை மைதானத்தின் குறுக்கே வேலிக்கல் நட்டதுபோல் தூரத் தூரமாக நிறுத்தினார். இனி பந்து காற்றில்தான் போகும் என்றார்.

முதல் பயிற்சியில் நடந்ததை மைலோ என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"காட்லெக், நீ எங்கே போற?" என்று வின்ஸ்லெட் கேட்டாராம்.

"முன்னால, கோச்."

"யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லலை, கோச். பழக்கம்."

"இனிமே உனக்கு வேலை பின்னால. ரெண்டு அடி பின்னுக்கு வா. வர்றவனை வாசல்லயே நிறுத்து. உள்ளே விடாதே, துரத்திக்கிட்டும் போகாதே. பந்தை எறிஞ்சு முடிக்கிற வரைக்கும் மரியாதையா வாசல்ல நில்லு."

எதிரியைக் கண்டால் பாயாமல் பின்வாங்கி வரவேற்பது எப்படி என்று மைலோவுக்குப் புரியவில்லை. மூளை பின்னால் என்றால் கால் முன்னால் போயிற்று. பந்து எறியும் நேரத்தில் கார்டு ரொம்பத் தூரம் முன்னால் போனால் குற்றம். நடுவர் மஞ்சள் துணியை வீசி எறிவார், அணி முழுவதும் பின்னுக்குப் போக வேண்டியதுதான். வின்ஸ்லெட்டின் முதல் பருவத்தில் மைலோவுக்காகப் பறந்த மஞ்சள் துணிகளை வைத்து ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கலாம் என்று தோழர்கள் கேலி செய்தார்கள். அணியில் தன் நிரந்தர இடத்தையும் பறிகொடுத்தார், எப்போதாவதுதான் இறக்கினார்கள். விடுதி நடைபாதையில் பின்னோக்கி நடந்து பழகினார். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்திலும் அப்படியே நடந்து, ஒரு கிண்ணம் சில்லி என்ற இறைச்சிக் குழம்பையும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் ஒரு பேராசிரியரின் மடியில் கொட்டினார்.

அப்பா எர்வின் பார்க்க வந்தார். பன்றி வளர்ப்பவர், அதிகம் பேசாதவர். ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னடா இது. லாரியில ஏத்தப் போறாங்கன்னு தெரிஞ்ச பன்னி மாதிரி பின்னாலயே போறே."

"அப்படித்தான்ப்பா போகச் சொல்றாங்க."

"சொன்னவன் பன்னி வளர்த்திருக்கானா?"

"இல்லைப்பா. அவரு டெக்சாஸ்."

எர்வின் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

ஆனால் கால் ஒருவழியாகக் கற்றுக்கொண்டது. மைலோவின் கடைசி வருடத்தில் அவருக்கு இடம் திரும்பக் கிடைத்தது. அந்த அணியும் பட்டம் வென்றது. பந்தைத் தரையிலேயே வைத்து ஜெயித்த ஆட்டம், காற்றிலேயே வைத்து ஜெயித்த ஆட்டம், இரண்டிலும் அவர் இருந்தார். பிறகு முழங்கால் போயிற்று. அணியின் பேண்டில் டிரம்பெட் ஊதிய ரோண்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்பினார். ரோண்டா மேற்கு டெக்சாஸ்காரி. அவள் அப்பாவும் ஒரு பள்ளியில் கோச், பந்து எறிகிற கட்சி.

இதெல்லாம் பழைய சங்கதி. நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடங்கள் ஒன்றானபோது நடந்தது.

வெசெலிக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஸ்டென்டாலுக்கும் காலங்காலமாகப் போட்டி. நாங்கள் கத்தோலிக்கச் செக் வம்சம், அவர்கள் லூத்தரன் சுவீடன் வம்சம் என்று இரு ஊரிலும் சொல்லிக்கொள்வார்கள். நான் இரண்டும் இல்லை, ஆனால் எந்தக் கரையில் குடியிருக்கிறேனோ அந்தக் கட்சி. பிள்ளைகள் குறைந்து குறைந்து ஒரு பள்ளிக்கு ஃபுட்பால் அணி சேர்க்கவே ஆளில்லை என்ற நிலை வந்ததும் இரண்டு பள்ளியையும் ஒன்றாக்கினார்கள். புதுப் பெயர், புது நிறம், பேருந்து போகும் பாதை, எல்லாம் ஒரு குளிர்காலத்தில் பேசி முடிந்தது. ஃபுட்பால் மட்டும் முடியவில்லை. வெசெலி பையன்கள் புரூயெட்டைப் பின்பற்றி ஓடியே வளர்ந்தவர்கள். ஸ்டென்டால் பையன்கள் எறிந்தே வளர்ந்தவர்கள். ஒரே அணி எப்படி ஆடுவது?

காபிக் கடையில் தினமும் இதே பேச்சு. தானியக் கிடங்கு வைத்திருக்கும் டெல்மர் ஸ்வோபோடா எங்கள் பக்கத் தலைவர். பள்ளிக் குழுவில் இருந்த கெயில் ஓஸ்ட்கார்டு அந்தப் பக்கம். கெயில் வேண்டுமென்றே பாலம் தாண்டி வந்து டெல்மருக்கு எதிர் மேசையில் உட்காருவாள்.

"பெரிய காலேஜ் எல்லாத்தையும் பாரு டெல்மர். ஜெயிக்கிறவன் எல்லாம் எறியறான்," என்பாள்.

"எறியறதுக்கு அவன்கிட்ட பறக்கிற பசங்க இருக்காங்க. நம்மகிட்ட என்ன இருக்கு? பால் கறக்கிற பசங்க. ராணுவக் காலேஜுகளைப் பாரு. சின்னப் பசங்களை வச்சுக்கிட்டு ஓடியே பெரியவங்களைத் திணறடிக்கிறாங்களா இல்லையா?"

"உங்க பசங்க ஓடறதைப் பார்க்கிறப்ப எனக்கு டிராக்டர் பின்னால மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"உங்க பசங்க எறியறதைப் பார்க்கிறப்ப எனக்குச் சர்ச்ல கல்யாணப் பொண்ணு பூங்கொத்து வீசற மாதிரி இருக்கு. பிடிக்கிறவதான் யாருமில்லை."

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பள்ளியின் கண்காணிப்பாளராக வந்திருந்த லினெட் ஹூக்ஸ்ட்ரா அம்மா நிதானமானவர். ஊர்க் கூட்டம் வைக்கலாம் என்று முடிவு செய்து, மைலோவைத் தேடி வயலுக்கே போனார். நான் அப்போது அங்கில்லை, மைலோ சொன்னதுதான்.

"மிஸ்டர் காட்லெக், ரெண்டு விதமாவும் ஆடி ஜெயிச்சவர் இந்த மாவட்டத்திலேயே நீங்க ஒருத்தர்தான்னு சொல்றாங்க. கூட்டத்துல பதினஞ்சு நிமிஷம் பேசணும். எது ஏன் ஜெயிச்சதுன்னு ஒப்பிட்டுச் சொன்னாப் போதும். உங்க பேச்சை ரெண்டு ஊரும் கேக்கும்."

மைலோ கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சம்மதித்தார். அதில் என்ன கஷ்டம், கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாராம். அத்தனை வருஷம் ஒருவரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்கு விடை தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாப்பிடும்போது ரோண்டாவிடம் ஆரம்பித்தார்.

"புரூயெட் ஆட்டம் ஏன் ஜெயிச்சதுன்னா, எதிராளி களைச்சுப் போவான். கடைசிக் கால்வாசியில நாம தள்ளற தள்ளுல அவன் விழுந்துருவான்."

"பட்டம் ஜெயிச்ச அன்னிக்குக் கடைசிக் கால்வாசியில நீங்கதான் விழுந்து கிடந்தீங்க," என்றாள் ரோண்டா. "நாக்கு வெளியில தொங்கிச்சு. நான் மேலேர்ந்து பார்த்தேன்."

"அப்புறம் எப்படி ஜெயிச்சோம்?"

"உங்க குவார்ட்டர்பேக் ரஸ் ஒரே ஒரு தடவை எறிஞ்சான். அதை வச்சுத்தான் நிலைமை மாறிச்சு."

மைலோ கரண்டியைக் கீழே வைத்தார். "புரூயெட் எறியச் சொன்னாரா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் டிரம்பெட் ஊதிக்கிட்டு இருந்தேன்."

"சரி. வின்ஸ்லெட் காலத்துல எறிஞ்சு எறிஞ்சுதானே ஜெயிச்சோம்?"

"அந்தக் கடைசி ஆட்டத்துல மழை. பந்து வழுக்கிச்சு. ரெண்டாம் பாதி முழுக்க ஓடினீங்க. உங்களுக்கு நினைவில்லையா?"

நினைவிருந்தது மழைதான். ஓடினார்களா எறிந்தார்களா என்பது அவர் முதுகுக்குப் பின்னால் நடந்த விஷயம்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனார். பழைய ஆட்டப் படங்களைப் போட்டுக் காட்டச் சொன்னார். கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடியது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும்போது மைலோ திரையில் இருந்தார். அடுத்த நொடியில் இல்லை. "என் வாழ்க்கையில நான் என்ன செஞ்சேன்னு பார்க்கப் போனேன். ஆரம்பம் மட்டும்தான் இருந்தது," என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அங்கிருந்து ரஸ் டெலிங்கரைப் பார்க்கப் போனார். இரண்டு கோச்சுகளின் காலத்திலும் குவார்ட்டர்பேக் ரஸ்தான். இப்போது பக்கத்து நகரத்தில் பயிர்க் காப்பீடு விற்கிறார். ஒரு மாட்டிறைச்சி உணவகத்தில் சந்தித்தார்கள். மைலோ கேள்வியைக் கேட்டதும் ரஸ் மேசையிலிருந்த கெட்ச்அப், கடுகுச் சாஸ், உப்பு, மிளகு எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினார்.

"இந்தக் கடுகு புட்டி எதிராளி. புரூயெட் காலத்துல நான் என்ன பண்ணேன்? இவனைப் பார்த்தேன். இவன் என்மேல பாய்ஞ்சா பந்தை வெளியில தட்டிவிட்டேன். பாயாம நின்னா நானே ஓடினேன். சரியா?"

"சரி."

"வின்ஸ்லெட் காலத்துல என்ன பண்ணேன்? அதே கடுகு புட்டியைத்தான் பார்த்தேன். இவன் முன்னால வந்தா அவன் தலைக்கு மேல எறிஞ்சேன். பின்னால போனா அவன் காலடியில எறிஞ்சேன்."

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒருத்தனைத் தேர்ந்தெடுத்து, அவன் எதைச் செஞ்சாலும் தப்பாகிற மாதிரி பண்றது. அவ்வளவுதான்டா. பாதையிலதான் வித்தியாசம்."

மைலோ கடுகு புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா எங்க ஊர்ல எதுக்குடா இப்படி அடிச்சுக்கிறாங்க?"

"எனக்கென்ன தெரியும். எங்க ஊர்ல தண்ணித் தொட்டிக்கு என்ன பெயின்ட் அடிக்கிறதுன்னு அடிச்சுக்கிறாங்க."

கிளம்புகிற நேரத்தில் மைலோ அந்தக் காபிக் கடைப் படத்தைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தான் அந்த ஆளை அமுக்கியதால் திறந்த வழியில்தான் ரஸ் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தார் என்பது ஊரறிந்த கதை.

ரஸ் கடுகு புட்டியைப் பழைய இடத்தில் வைத்தார். "மைலோ, அந்த ஆட்டம் இடது பக்கம் ஆட வேண்டியது. நீ வலது பக்கம் போனே."

"இல்லைடா. வலதுன்னுதான் நீ கத்தினே."

"நான் இடதுன்னு கத்தினேன். நீ வலது பக்கம் போனதும் அவங்க ஆளுங்க மூணு பேரு உன் பின்னாலயே வந்துட்டாங்க. உன்னைப் பார்த்து ஆட்டம் அந்தப் பக்கம்னு நினைச்சுட்டாங்க. எனக்கு முன்னால ஒருத்தனுமே இல்லை. நான் நடந்தே போயிருக்கலாம்."

"சத்தத்துல நான் வலதுன்னு கேட்டிருப்பேன்."

"நானே வலதுன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். எத்தனை வருஷமாச்சு," என்றார் ரஸ், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

திரும்பி வரும் வழியில் மைலோ வண்டியை மூன்று இடத்தில் ஓரமாக நிறுத்தியதாக ரோண்டா பிற்பாடு சொன்னாள். தன் ஊரே தன்னைத் தெரிந்துவைத்திருக்கும் அந்த ஒரு காரியம் சரியாகச் செய்ததா, தப்பாகச் செய்து சரியாக முடிந்ததா, அல்லது யாருக்குமே தெரியாததா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. தப்பு என்றால் ஜெயித்தது எப்படி? சரி என்றால் ரஸ் ஏன் அப்படிச் சொல்கிறார்? இதையே வாரம் முழுவதும் உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளரின் குழாயைத் திருப்பி மாட்டிவிட்டு வந்ததில் அந்த ஆளின் வயலுக்குப் பதில் சாலைக்கு நீர் பாய்ந்தது.

கூட்டத்தன்று பள்ளி உடற்பயிற்சிக் கூடம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கத்து இருக்கைகளில் வெசெலி, எதிர்ப்பக்கத்தில் ஸ்டென்டால். நடுவில் மைக். கோலாச் பணியாரத் தட்டுகள் எங்கள் பக்கமும், ஏலக்காய் ரொட்டித் தட்டுகள் அவர்கள் பக்கமும் இருந்தன. யாரும் எதிர்ப்பக்கம் போய் எடுக்கவில்லை. எண்பது தாண்டிய எர்வினும் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார்.

மைலோ சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மைக் அவர் மார்புக்குத்தான் எட்டியது, குனிந்து பேசினார்.

"ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னாங்க. நானும் யோசிச்சேன். ஓடற ஆட்டம் நல்ல ஆட்டம். எனக்கு அது பிடிக்கும். நான் தள்ளினா அவன் போவான், அது கையில தெரியும். அதுல நாங்க ஜெயிச்சோம். ஆனா ஜெயிச்ச அன்னிக்கு எறிஞ்சு ஜெயிச்சோம்னு சொல்றாங்க." எங்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. "எறியற ஆட்டமும் நல்ல ஆட்டம். அதுல எனக்கு அடி கம்மி. அதுலயும் ஜெயிச்சோம். ஆனா அன்னிக்கு மழை பெய்ஞ்சு ஓடித்தான் ஜெயிச்சோமாம்." இப்போது அந்தப் பக்கம் முணுமுணுப்பு. "எங்க குவார்ட்டர்பேக்கைப் போய்க் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுங்கறான். ஒண்ணுன்னா என் முழங்கால் ஏன் ரெண்டு விதமா வலிச்சதுன்னு அவனுக்குச் சொல்லத் தெரியலை. இன்னொண்ணும் சொல்லணும். காபிக் கடைப் படத்துல நான் போன பக்கம் தப்புன்னு அவன் சொல்றான். இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்த்ததே இல்லை."



"அப்போ எதுடா நல்லது?" என்று டெல்மர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"எனக்குத் தெரியலை, டெல்மர்."

"இதைச் சொல்லத்தான் சட்டை மாத்திக்கிட்டு வந்தியா?"

சிலர் சிரித்தார்கள். சிலருக்கு உண்மையாகவே கோபம். கெயில் எழுந்து, "ஒருத்தராவது தெரியலைன்னு ஒத்துக்கிட்டாரே. டெல்மர், நீ எப்போ ஒத்துக்கப் போறே?" என்றாள். "நீ முதல்ல" என்றார் டெல்மர். எர்வின் பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன சொல்றான்?" என்று கேட்டார். "தெரியலைங்கறார்," என்றார் அவர். "அதான் அன்னிக்கே பார்த்தேனே," என்றார் எர்வின்.

மைலோவின் பேச்சால் எந்த முடிவும் வரவில்லை. ஹூக்ஸ்ட்ரா அம்மா வேறு வழியில்லாமல் இரண்டு ஊர்க் கோச்சுகளையும் சேர்த்தே நியமித்தார்: ஸ்டென்டால்காரர் எறிகிற ஆட்டத்துக்கு, வெசெலிக்காரர் ஓடுகிற ஆட்டத்துக்கு. சுவராக நிற்கும் பையன்களை யார் பார்த்துக்கொள்வது என்று கேள்வி வந்தபோது இருவரும் மற்றவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். முன்னால் போகவும் பின்னால் வரவும் கால் பழகிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். ரோண்டா, "வீட்டுல உக்காந்து யோசிக்கிறதுக்கு அங்கே போய் யோசிங்க. என் சமையலறையில உப்பும் மிளகும் வரிசையா நிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு," என்று அனுப்பிவைத்தாள்.

முதல் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. குவார்ட்டர்பேக் எறிய நின்றான். சுவரில் பாதிப் பையன்கள் முன்னால் போனார்கள், பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். நடுவில் திறந்த கதவு வழியாக எதிராளி நடந்து வந்து அவனைச் சாய்த்தான். மஞ்சள் துணிகள் பறந்தன. இரண்டாவது ஆட்டமும் தோல்வி. டெல்மரும் கெயிலும் முதல்முறையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: மைலோவை நீக்க வேண்டும்.

மைலோ என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காரியம் செய்தார். ஓட்டத்துக்கு ஒரு நிலை, எறிதலுக்கு ஒரு நிலை என்று பையன்கள் குழம்பியதால், "எதுக்கும் ஒரே மாதிரி நில்லுங்க. பாரம் கையிலயும் வேண்டாம், குதிகால்லயும் வேண்டாம். நடுவுல வையுங்க. பந்து நகர்ந்தப்புறம் முடிவு பண்ணிக்கலாம்," என்றார். பையன்களின் கால் சொல்பேச்சு கேட்க இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி தடுமாறுவதை ரோண்டாதான் முதலில் கண்டுபிடித்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அவங்க நம்ம பசங்க கையைப் பார்க்கிறாங்க," என்றாள். அதுவரை எங்களோடு ஆடியவர்கள் எல்லாம் சுவர்ப் பையன்களின் விரல் முட்டிகளைப் பார்த்தே ஆட்டத்தைப் படித்தார்களாம். முட்டி வெளுத்திருந்தால் பாரம் கையில், ஆகவே ஓட்டம். வெளுக்காவிட்டால் எறிதல். இப்போது முட்டி ஒன்றுமே சொல்லவில்லை. எதிராளி ஓட்டம் என்று நினைத்துப் பாய்ந்தால் தலைக்கு மேல் பந்து போயிற்று. எறிதல் என்று நினைத்துப் பின்வாங்கினால் காலடியில் ஓடினார்கள். அன்று ஜெயித்தோம்.

அந்த ஆட்டத்தின் இடைவேளையிலேயே மைலோவிடம் அவள் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நான் அதுக்காகச் சொல்லலை. பசங்க குழம்பறாங்கன்னுதான் சொன்னேன்."

"எதுக்காகச் சொன்னாலும் சரி. இனிமே மாத்தாதீங்க."

"மாத்தலை. ஆனா காலேஜ்ல நாங்க முட்டி வெளுக்கத்தானே நின்னோம்? அப்பவும்தானே ஜெயிச்சோம்?"

ரோண்டா அவர் கையில் ஒரு காபியைக் கொடுத்தாள்.

அந்தப் பருவத்தில் தோற்றதைவிட ஒன்றிரண்டு அதிகமாகவே ஜெயித்தோம். மாவட்டத்தின் பெரிய ஊரான கார்லைலை எங்கள் மைதானத்தில், முகத்தில் அறையும் காற்றில், ஒரே ஒரு புள்ளியில் தோற்கடித்தோம். பாலத்தின் இரு பக்கத்துக் கார்களும் அன்று ஒன்றாக ஹாரன் அடித்தன. மறுநாள் காலையிலேயே சண்டை திரும்பிவிட்டது. ஓட்டத்தால்தான் ஜெயித்தோம் என்றார் டெல்மர். கெயில் எறிந்த பந்துகளை விரல் விட்டு எண்ணினாள். உள்ளூர் வானொலிப் பெண் மைலோவிடம் வந்து எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டபோது, "நான் பசங்க காலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பந்தைப் பார்த்த யாரையாவது கேளுங்க," என்றார். அவள் அதை ஒலிபரப்பினாள். ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

எர்வின் அந்தக் குளிர்காலத்தில் காலமானார். கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது மைலோ புதுப் பையன்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கிழவர் கண்ணை மூடியபடி கேட்டுவிட்டு, "பின்னால போறாங்களா?" என்றார். "சில சமயம்ப்பா." "சில சமயம்னா பரவாயில்லை," என்றார். அது மன்னிப்பா, மயக்கமா என்று மைலோவுக்கு விளங்கவில்லை. என்னிடம் கேட்டார்.

வசந்தம் வந்ததும் ஹூக்ஸ்ட்ரா அம்மா அவரை முறைப்படி வேலைக்கு எடுக்க வயலுக்கே வந்தார். குழாய் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் மாலையில் மட்டும் வந்தால் போதும் என்றார். மைலோ சேற்றிலிருந்து ஒரு காலை உருவி எடுத்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மேடையில் ஏறிப் பேசச் சொல்லக் கூடாது. அந்த அம்மா கை நீட்டினார். மைலோ தன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்து யோசித்து, கடைசியில் முழங்கையை நீட்டினார். அந்த அம்மா அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.